எலீஸ் காலில் மூங்கில் பத்தை

பிப். 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து கடல் காற்று. மாடியில் காயப்போட்ட விரிப்பு நாலில் ஒன்று பக்கத்து வீட்டு முருங்கைமரத்தில். செய்ய வேண்டியது: கேஸ் புக்கிங். 2-ம் ரூம் குழாய்க்கு வாஷர். முட்டை ஒரு டஜன்.

பத்து மணிக்கு 3-ம் ரூம் எலீஸ் கடலோரப் பாறையில் வழுக்கி விழுந்தார். பெல்ஜியம்காரர், வயசு 63, தனியாகத்தான் வருவார், மூன்று வருஷமாக நம் கெஸ்ட்ஹவுஸில்தான் தங்கல். என் வீட்டுக்காரர் ஆட்டோவில் தூக்கி வந்தார். வலது கணுக்கால் வீங்கிப் பூசணிக்காய். ஆஸ்பத்திரி என்றார் இவர். நான்தான், "எக்ஸ்ரே, ஊசின்னு அலைய வுடுவாங்க. திருவிடந்தை பக்கம் கட்டு போடறவர்கிட்ட இட்டுகினு போங்க. தம்பி கையை அவர்தானே சரி பண்ணாரு" என்றேன். நான்தான் சொன்னது. எழுதி வைக்கிறேன்.

முட்டை வெள்ளைக்கரு, ஏதோ பச்சிலை, மூங்கில் பத்தை, மேலே இறுக்கமாகத் துணி. எலீஸ் சிரித்துக்கொண்டே திரும்பினார். காலைப் படமெடுத்து ஊரில் தோழிக்கு அனுப்பினார். எனக்கு ஒரே பெருமை. வாங்கின முட்டையில் பாதி கட்டுக்கே போச்சு.

பிப். 4, புதன்

கேஸ் புக் பண்ணியாச்சு. வாஷர் கிடைக்கவில்லை.

எலீஸ் நாஸ்தா தொடவில்லை. மதியம் மீன் குழம்பும் அப்படியே. வலியா என்றால், "இல்லை, இல்லை, சுகம்."

இவர் காலையிலிருந்து ஒரே கேள்வி: "இன்சூரன்ஸ் கீதான்னு கேட்டியா?" கேட்டேன். இருக்கிறதாம். சின்ன அட்டை, பின்னால் எந்நேரமும் கூப்பிடலாம் என்று நம்பர். கட்டுத்தான் போட்டாச்சே, எதற்கு அவர்களைத் தொந்தரவு செய்வது என்கிறார் எலீஸ். நானும் விட்டுவிட்டேன். மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. அவர் ரூம் வாசல் வரை ஐந்து தரம் போய்த் திரும்பினேன்.

பிப். 5, வியாழன்

ஆறரைக்குக் காபி கொண்டு போனேன். கட்டுக்கு வெளியே விரல்கள் நீலம். தொட்டால் ஜில்லென்று. யா அல்லாஹ்.

செங்கல்பட்டு, தனியார் ஆஸ்பத்திரி. கட்டை வெட்டி எடுத்தார்கள். டாக்டர் எங்களைப் பார்த்த பார்வை! ரெண்டு இடத்தில் முறிவு. ரத்த ஓட்டம் திரும்புகிறது, ஆனால் நாளைக்குள் ஆபரேஷன், தள்ளினால் கால் ஊனம். இன்சூரன்ஸ்காரர் சம்மதக் கடிதம் வந்தால்தான் தியேட்டர்.

அட்டை நம்பருக்கு நான்தான் பேசினேன். கேட்டவை: பாலிசி நம்பர். பாஸ்போர்ட் (வெளிநாட்டுக்காரர் தங்கினால் போலீசுக்கு அனுப்பும் சி ஃபாரத்துக்கு எடுத்த ஜெராக்ஸ் கைகொடுத்தது). டாக்டர் ரிப்போர்ட். விழுந்தது என்றைக்கு. முதல் சிகிச்சை எங்கே, யார். கடைசி ரெண்டுக்கும் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். சரியான கோழை.

வராந்தாவில் இவர்: "இன்னிக்குக் காத்தால வுழுந்தாங்கன்னு சொல்லிடு. ரெண்டு நாளா இன்னா பண்ணீங்கன்னு கேட்டா இன்னா சொல்வே? முடியாதுன்னுட்டா அந்தம்மா கால் இன்னாத்துக்கு ஆவும்?"

"டாக்டருக்குத் தெரியாதா, எத்தினி நாள் வீக்கம்னு?"

"அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"நீங்க யார்கிட்டயும் ஒண்ணும் பேச வேணாம்."

கெட்ட மனுஷன் இல்லை. பயம். எனக்கு மட்டும் இல்லையா?

2.40, இன்சூரன்ஸிலிருந்து போன். ஒரு பெண், நிதானமான இங்கிலீஷ். செவ்வாய் காலை பத்து மணி என்றேன். முட்டை, மூங்கில், எல்லாம் சொன்னேன். அனுப்பியது நான் என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் டைப் அடிக்கும் சத்தம் மட்டும். கட்டு போட்டவர் எழுதித் தர வேண்டுமாம்.

இவர் முறைத்துக்கொண்டே வண்டியை எடுத்தார். ஆறு மணிக்கு வந்தார். கையில் தினசரிக் காலண்டர் தாள், செவ்வாய்க்கிழமைத் தாளாகவே பார்த்துத் தந்திருக்கிறார் கட்டுக்காரர். பின்பக்கம்: 'வெள்ளைக்கார அம்மா. வலது கால். கட்டினேன்.' கையெழுத்து. இத்தனை வருஷத்தில் அவர் எழுதிக் கொடுத்த முதல் சீட்டாம். படமெடுத்து, இங்கிலீஷில் விளக்கி அனுப்பினேன்.

பதில் இல்லை.

பிப். 6, வெள்ளி

9.10, இல்லை. 10.30, இல்லை. நகம் கடித்து விரலில் ரத்தம். பொய்யே சொல்லியிருக்கலாமோ?

11.50, கடிதம் வந்தது! எலீஸின் தோழியையும் விசாரித்திருக்கிறார்கள். கட்டோடு எடுத்த படம் அவரிடம், செவ்வாய்க்கிழமைத் தேதியோடு. இன்று விழுந்தார், நேற்று விழுந்தார் என்று உளறியிருந்தால் அவ்வளவுதான். இவரிடம் சொன்னேன். தொப்பியை எடுத்துக்கொண்டு ஜும்மா தொழுகைக்குப் போனார்.

நாலு மணிக்கு ஆபரேஷன். முடிந்தது. விரல் அசைகிறது. இவர் எனக்கு டீ வாங்கித் தந்தார்.

பிப். 7, சனி

கொண்டு போனது: சால்வை, கண்ணாடி, பிஸ்கட்.

எலீஸ் அந்த மூங்கில் பத்தையைக் கேட்கிறார். ஊருக்கு எடுத்துப்போய்க் காட்ட வேண்டுமாம். முகம் தெரியாத ஒருத்தியிடம் போனில் சொன்னதை எலீஸிடம் நான் இன்னும் சொல்லவில்லையே. சொன்னேன். கட்டு இறுக்கித்தான் கால் அப்படி ஆச்சு. அங்கே அனுப்பினது நான். மன்னிச்சிடுங்க.

எலீஸ் போர்வையை நீவிவிட்டார். "தெரியும். செவ்வாய் ராத்திரியே விரல் மரத்துப்போச்சு."

"ஏன் சொல்லலை?"

"கட்டோட என்னைப் பார்த்து நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க."

தட்டு தேடுவதுபோல் அலமாரியைத் திறந்தேன். பிஸ்கட் பாக்கெட்டை எலீஸ்தான் பிரித்தார்.