ஆறு அங்குல ஸ்கேலும் அவள் கிட்டாரும்

மச்சான்,

இன்று காலை செங்கல்பட்டு பஸ்ஸில் டிக்கெட்டுக்குச் சில்லறை தேடிச் சட்டைப் பையில் கைவிட்டேன். ஆறு அங்குல பிளாஸ்டிக் ஸ்கேல்தான் வந்தது. நரைத்த தலையோடு ஐந்தாம் வகுப்புக்குத் திரும்பிப் போகிறான் என்று கண்டக்டர் நினைத்திருப்பார். அவருக்கு விளக்கம் சொல்லவில்லை. இது உன் மகள் கதை, உனக்குத்தான் சொல்ல வேண்டும்.

வாரமெல்லாம் ஹோட்டல்களில் ஏசி ரிப்பேர் பார்த்த கையை, ஞாயிறு காலையில் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் கிட்டாரைத் தொடுவாய். மாமல்லபுரம் சர்ச்சில் நீ வாசித்தால் முட்டுக்காட்டில் மீனெல்லாம் தலைதூக்கி ஆமென் சொல்லும் என்று ஊர் முழுக்கப் பரப்பியவன் நான். "மீனை வுடு மச்சான், மொதல்ல நீ ஒருவாட்டி ஆமென் சொல்லு" என்பாய். ஆராதனை முடியும் முன்பே பிரியாணி வாசனை பிடித்து ஓடுகிறவன் என்று உனக்குத் தெரியும்.

நீ கர்த்தரிடம் போனபின் கிட்டார் ஹாலில் ஆணியில் தொங்கியது. சர்ச்சில் பிள்ளைகளே ஆராதனை நடத்தும் பாலர் ஞாயிறு வரும்போது, நீ உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு பாட்டு வாசிக்க ஜெனி ஆசைப்பட்டாள். எட்டு வயது. அவள் மடியில் உன் கிட்டாரை வைத்தால் கிட்டாருக்கு இரண்டு கால் முளைத்த மாதிரி இருந்தது. விரல் எட்டவில்லை. கம்பியை அழுத்தி அழுத்தி நுனியெல்லாம் சிவந்துபோனது. ஒரு நாள் அதைத் திரும்ப ஆணியிலேயே மாட்டச் சொன்னாள்.

"எனக்கு அப்பா கை வரல மாமா. நான் வாசிக்கல."

அழவில்லை. அழுதிருந்தால் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துத் தப்பித்திருப்பேன்.

பாடகர் குழுவை நடத்தும் ஸ்டெல்லா அக்காவுக்கு போன் போட்டேன். "அவ கைக்கு ஒரு ஷார்ட் ஸ்கேல் வாங்கிக் குடு தம்பி, எல்லாம் சரியாப்பூடும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இவ்வளவுதானா? நோட்டுப் புத்தகக் கடைக்குப் பறந்தேன். இருப்பதிலேயே குட்டையான ஸ்கேலைப் பொறுக்கி, வீரவாள் போல் உன் மகள் முன் நீட்டினேன்.

"இன்னா மாமா இது?"

"ஷார்ட் ஸ்கேல். வெரல் எங்க வெக்கணும்னு அளந்துக்கோ."

என் தங்கச்சிக்குச் சந்தேகம். ஸ்டெல்லா அக்காவிடம் கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, கிட்டார்ல ஸ்கேலுன்னா கம்பியோட நீளமாம். கொயந்தைங்களுக்குக் குட்டையா எலக்ட்ரிக் கிட்டாரு கீதாம். நீ இன்னாடான்னா ஜியோமெட்ரி பாக்ஸ் வாங்கப் பூட்டு வந்துகீற!" ஜெனி தரையில் உருண்டாள். நீ போனபின் அந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான் மச்சான்.

வாங்கிய பொருளை நான் வீணாக்குவேனா? ஸ்கேல்மேல் அவள் கையை விரித்து வைத்து, சுண்டுவிரல் நின்ற இடத்தில் பேனாவால் கோடு போட்டேன். ஐந்தேகால் அங்குலம். மறுநாள் செங்கல்பட்டு கடையில் ஸ்கேலை வைத்து, "இந்தக் கைக்கு ஒரு கிட்டார் குடுங்க" என்றேன்.

"கை எங்க சார்?"

"ஸ்கூலுக்குப் போயிருக்கு. இது தாய்மாமன் சீர், முன்னாடியே காட்டக் கூடாது."

இருந்ததிலேயே விலை குறைந்தது. சிவப்பு. டிபன் டப்பா அளவில் ஒரு ஸ்பீக்கர். ஜெனி காதுகுத்துச் சீரை நான் பஸ்ஸிலேயே விட்டு இறங்கியதை, "சீரு திருக்கழுக்குன்றம் பூட்டுது, மாமன் மட்டும் வந்துட்டாரு" என்று ஏழு வருடம் சொல்லிக் காட்டினாயே! இம்முறை கிட்டாரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். தாம்பாளத்தில் வாழைப்பழம், பூ, நடுவில் கிட்டார். தெரு முழுக்க ஊர்வலம் என்று எழுதவே ஆசை. உண்மையில் நானும் இரண்டு நாய்களும்தான்.

"கிட்டாரை மடியில வெச்சா அது உன் பேச்சைக் கேக்கணும்" என்பாயே, அது இவள் பேச்சைக் கேட்டது.

பாலர் ஞாயிறு அன்று இரண்டாம் சரணத்தில் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது, மைக் செத்தது. எலக்ட்ரிக் கிட்டார் கரண்ட் இல்லாவிட்டால் கொசு மாதிரிதான் முனகும் மச்சான். உன் மகள் நிறுத்தவில்லை. உன்னைப் போலவே கம்பியை ஒரு முறை முறைத்துவிட்டு வாசித்துக்கொண்டே இருந்தாள். ஸ்டெல்லா அக்கா கையைத் தாழ்த்திக் காட்ட, அந்தக் கொசுச் சத்தம் கேட்க வேண்டும் என்று சர்ச் முழுதும் குரலை அடக்கிப் பாடியது. நானும்தான். முடிந்ததும் முதல் ஆமென் யாருடையது என்று ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள். பிரியாணி ஆறிப்போனது.

இப்போது மாதம் ஒன்றாம் தேதி கை அளக்கிறோம். ஆறு அங்குலத்தை எட்டினால் உன் கிட்டார் ஆணியிலிருந்து இறங்கும். இது என் அரசாணை. ஸ்கேலில் இன்னும் மூன்று கோடு பாக்கி. அவள் விரலை இழுத்துப் பிடித்து ஏமாற்றப் பார்க்கிறாள். நான் கவனிக்காதவன் போல் இருக்கிறேன்.

இன்று பஸ் ஏறியது, உன் கிட்டாருக்குப் புதுக் கம்பி வாங்கத்தான்.