தொப்பியைக் கழற்றிய கடற்படைக்காரன்

என் ஆசை அப்பாவுக்கு,

நீங்க போன இடத்தில் தேயிலைத் தோட்டத்துத் துரைமார் யாரும் இல்லை என்று நம்பித்தான் எழுதுகிறேன். இருந்தால் அங்கேயும் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓரமாகத்தான் நின்றிருப்பீங்க. உங்களை எனக்குத் தெரியாதா?

உங்க மகன் சிவா நேவியில் அதிகாரிப் பயிற்சிக்குத் தெரிவானான். லிந்துலை டவுனிலிருந்து நம் லயத்து வீடுகளுக்குத் திரும்பும் வளைவு வரைக்கும் பேனர் கட்டினார்கள். அதில் சிவாவின் முகம் முத்திரை அளவு, தோட்டத்துச் சங்கத் தலைவரின் முகம் கதவு அளவு. நேவிக்கு விண்ணப்பிக்க ஒரு கடிதத்துக்குக் கையெழுத்துக் கேட்டு அவன் அலைந்தபோது, "நேவியெல்லாம் நமக்கு எதுக்குடா, ஏதாச்சும் கடைக்கு வேலைக்குப் போயி ஒழுங்கா நில்லு" என்று விரட்டிய அதே முகம்தான். பேனரில் என்னமாய்ச் சிரிக்கிறது தெரியுமா?

எனக்கும் தயக்கம் இருந்தது, அப்பா. சீருடையைக் கண்டாலே அடையாள அட்டையைத் தேடிச் சட்டைப்பையைத் தடவுவீங்களே, அதை மறக்க முடியவில்லை. "நம்ம ஆளும் ஒருத்தன் உள்ள இருக்கட்டுமேக்கா" என்றான் சிவா. அதற்குமேல் நான் என்ன சொல்ல?

ஆரம்பத்தில் அறிமுகப் பயிற்சியாம். தலையைச் சிரைத்து, கொளுத்துகிற வெயிலில் ஓடவிட்டு, கடலில் தள்ளி நீந்தச் சொல்லியிருக்கிறார்கள். பனியில் வளர்ந்த பிள்ளை அத்தனையும் தாங்கிவிட்டான். தாங்காதது வேறொன்று.

மைதானத்தில் பெரிய அதிகாரி ஒருவர் எதிரே வந்திருக்கிறார். மற்ற பிள்ளைகள் நின்று சல்யூட் அடித்தார்கள். உங்க பிள்ளை என்ன செய்தான் தெரியுமா? தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்து, பாதையை விட்டு இறங்கி, புல்லில் தலைகுனிந்து நின்றான். ஏன் கழற்றினாய் என்று கேட்டதற்கு, மரியாதைக்கு என்றானாம். இங்கே தொப்பியோடு நிமிர்ந்து நிற்பதுதான் மரியாதை என்று சொல்லி, மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார் அதிகாரி. அன்றிலிருந்து கூட இருந்த பயல்கள் இவனைக் கண்டாலே தொப்பியைக் கழற்றிக் குனிந்து காட்டினார்கள். பெரிய வீரர்கள்!

"வந்துர்றேன்க்கா. என்னால முடியல" என்று போனில் அழுதான்.

அந்தப் பயல்கள்மேல் வந்ததைவிட உங்கமேல்தான் எனக்குக் கோபம் வந்தது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் வழியில் துரையின் ஜீப் சத்தம் கேட்டதும் சிவாவின் கையையும் பிடித்துக்கொண்டு ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நின்றது நீங்கதானே? பரவாயில்லை, உயிரோடு இருந்தவரைக்கும் நீங்களாக இறங்குனீங்க. பாடையில் போன அன்றைக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. வளைவில் ஜீப் வந்தது. தூக்கிய நாலு பேரும் உங்களோடு சேர்ந்து கானுக்குள் இறங்கி நின்றார்கள். துரை கண்ணாடியைக்கூட இறக்காமல் போனார். "நல்லவேள, ஹோர்ன் அடிக்கல" என்று தலைவர் பெருமையாகச் சொன்னார். காறித் துப்பலாம் போல இருந்தது எனக்கு.

லீவில் வந்த சிவா பெட்டியைத் திறக்கவே இல்லை. திரும்பிப் போகப்போவதில்லை என்றான். செய்தி அதற்குள் துரையின் பங்களாவுக்குப் போய்விட்டது. மறுநாளே தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு வந்து நின்றார்.

"தொர ஆபிசுல ஒரு வேல தாராராம். நாளைக்கிக் காலையில நேவி உடுப்போட வரச் சொன்னாரு. போட்டோ ஒண்ணு எடுக்கணுமாம்."

அந்த உடுப்பில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும், பிறகு அதே உடுப்பை மடித்து வைத்துவிட்டு அவருக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். துரைமாரின் தாராளம் இப்படித்தான் இருக்கும். சிவா தலையாட்டினான்.

காலையில் வெள்ளை உடுப்பில் அவன் முன்னால் நடக்க, நான் பின்னால் போனேன். அதே வளைவு. கீழேயிருந்து ஜீப் வந்தது. பெரட்டுக்குப் போன பெண்டுகள் வழக்கம்போல் கானுக்குள் இறங்கினார்கள். வெட்கக்கேடு அப்பா, என் காலும் தானாக இறங்கியது.

சிவாவின் கை தொப்பிக்குப் போனது. அவன் அதைக் கழற்றவில்லை. நேராக்கி வைத்துக்கொண்டு, ரோட்டில் அப்படியே நின்றான்.

ஹோர்ன் அடித்தது. துரை தலையை நீட்டி, "ஏய், ஒதுங்கு!" என்றார்.

"ஓரமா இடம் இருக்கு சேர், நீங்க போங்க" என்றான் சிவா. குரல் நடுங்கத்தான் செய்தது.

கானுக்குள் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். துரை எதையோ முணுமுணுத்துவிட்டு ஜீப்பை ஓரமாக ஒதுக்கினார். ஒரு பக்கச் சில்லு கானுக்குள் இறங்கியது. வண்டி சாய்ந்து, சேற்றைக் கிளப்பி, முக்கி முனகிப் போனது.

ஜீப் மறைந்ததும் சிவா கானை எட்டிப் பார்த்தான். "இங்கதானேக்கா அப்பாவ எறக்குனாங்க?"

"ஆமாடா."

"அப்ப நான் ஆபிசுக்கு வரல. நாளைக்கே முகாமுக்குக் கெளம்புறேன்."

போய்விட்டான், அப்பா. அங்கே இன்னமும் அவனைக் கேலி செய்கிறார்களாம். செய்யட்டும், கழற்றுவது அவர்கள் தொப்பிதானே.

இனி அந்த வளைவில் நானும் இறங்க மாட்டேன். என்னை யாராவது தூக்கிக்கொண்டு போகும் நாளிலும் இறக்க விட மாட்டேன். இது சத்தியம்.

கானிலிருந்து ஏறிவிட்ட
உங்க மூத்த மக,
செல்வி