ரேடியோவை நிறுத்தச் சொன்னது யார்?

நோரீன் அக்காவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் சுகம். நான் சொல்லச் சொல்ல, இந்தப் புது வேலையிடத்துச் சமையல்காரம்மா எழுதுகிறார்.

ஆறு இரண்டு முறை கரை உடைத்து, அப்பா சாம்பல் குதிரையை விற்ற வருடம் ஞாபகமிருக்கிறதா? அந்த வருடம்தான் ஆட்டுரோமக் கொட்டகையில் ரேடியோச் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு ஓடி, முதல் வேலையை இழந்தேன். அதற்குப் பெயர் ஆட்டிசம் என்று இந்த அறுபத்திரண்டு வயதில்தான் டாக்டர் காகிதம் கொடுத்தார். வேலை கேட்டு அதைக் காட்டிய நாலு இடத்திலும் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். அதனால் இந்தப் புதுக் கொட்டகையில் காட்டவில்லை.

ரோமம் கத்தரிப்பவர்களின் ரேடியோவில் முதலாளிகூடக் கைவைக்க மாட்டார், உனக்கே தெரியும். ஆனால் திங்கட்கிழமை நான் நுழைந்ததும் அவர்களின் தலைவன் டாரல் அதை அணைத்தான்.

"ஏன்டா நிறுத்துன? பாட்டு கேக்காம ஆடு முடி குடுக்காதுடா!" என்று ஒருவன் கத்தினான்.

"வாய மூடிக்கிட்டு வேலையப் பாரு. பெருசு, நீங்க பெருக்குங்க" என்றான் டாரல்.

மூன்று நாளாக அப்படித்தான். என்னை வைத்துக்கொள்வதா என்று வெள்ளிக்கிழமை சொல்வார்கள். இந்தக் கரிசனம் அனுப்புவதற்கா, வைத்துக்கொள்வதற்கா என்று புரியவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தேன். டாக்டர் காகிதம் வைத்தபடியே இருக்கிறது, யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

தையல் உறுத்தாத காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. உன் பழ கேக்கும் ஒரு துண்டு. ஞாயிறு போன் செய்தால் நல்லது.

தபால் வண்டி வந்துவிட்டது. ஒன்று மட்டும் சொல்கிறேன். ரேடியோச் சத்தம் எனக்கு ஆகாது என்று டாரலிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்று நான் ஏன் ஓடினேன் என்று தெரிந்தவர்கள் நாலே பேர். அப்பா போய்விட்டார், கிளெம் மாமா போய்விட்டார், அந்தப் பழைய முதலாளியும் போய்விட்டார். உயிரோடு மிச்சம் இருப்பது நீதான், நோரீன் அக்கா.