உடைபடாத குளிசை அட்டை

மருதமுனை
வியாழக்கிழமை

அன்பு மகன் மிஹ்லாருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் தங்கச்சி நிப்லாவும் சுகமாக இருக்கிறோம், உன் சுகத்தையே ஐந்து நேரத் தொழுகையிலும் கேட்கிறோம். நான் சொல்லச் சொல்ல நிப்லாதான் எழுதுகிறாள். சுகமாக இருக்கிறோம் என்று எழுதச் சொன்னதும் பேனையை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள்.

மகன், குளிசை போட்டாயா என்று போனில் கேட்டால் "ஓம் உம்மா" என்பாய், உன் ரூமில் ஆட்கள் இருப்பதால் அதற்கு மேல் நான் கேட்பதில்லை. லீவில் வந்த உன் கூட்டாளி இன்ஷாப் நேற்றுத்தான் உண்மையைச் சொன்னான். நோன்புக்கு நிறுத்திய குளிசையைப் பெருநாள் கழிந்தும் நீ எடுக்கவில்லையாம், கட்டிலுக்கடியில் அட்டை உடைபடாமல் கிடக்கிறதாம். "கை நல்லாத்தானே இரிக்கி, இனி என்னத்துக்குக் குளிசை எண்டு பகிடி பண்றான் மாமி" என்றான். நோன்பை விடாதே, ரப்பு பார்த்துக்கொள்வான் என்று உன்னிடம் சொன்னவள் நான்தானே. இருபத்தெட்டு வயதில் பாரிசவாதம் வந்து, வாய் கோணி, மூன்று நாள் பேச்சில்லாமல் தோஹாவில் கிடந்தாய், நான் இங்கே கிடந்தேன்.

இன்று காலை உன் ஆஸ்பத்திரி மருந்துத் துண்டின் படத்தோடு கல்முனையில் ஒரு டாக்டரிடம் போனோம். "சுகமாகிட்டு எண்டு நிப்பாட்டுறதுதான் பெரிய பிழை, ரெண்டாவது தரம் வராம இருக்கத்தான் இந்தக் குளிசையே" என்று ஏசினார். கேட்டிருந்தால் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கும் மாற்றித் தந்திருப்பார்களாம். விட்டதைச் சேர்த்துப் போடாமல் அங்கே டாக்டரை உடனே கண்டு மறுபடி தொடங்கு, பிரஷரையும் பார், சிகரெட்டைத் தொடாதே. இதையெல்லாம் நிப்லா கொப்பியில் எழுதி வந்தாள்.

தங்கச்சிக்கு வீடு முடியாமல் வரமாட்டேன் என்கிறாய். வீடில்லாத பெண்ணுக்கு இங்கே மாப்பிள்ளை கேட்க முடியாது என்பது எனக்குத் தெரியாதா, வாப்பாவும் இல்லாத வீடு. அதனால் உன்னை வா என்று சொல்லவும் வாய் வரவில்லை, இரு என்று சொல்லவும் வரவில்லை. ஜன்னல் மட்டத்தில் நிற்கும் அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் என்னை உள்ளே வைத்துக் கட்டுவதுபோல் இருக்கிறது. இன்று மேசன் ஜவாத்திடம் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். "மழைக்கு முந்திக் கூரை போடாட்டி சுவர் பழுதாகும் ராத்தா" என்றார். பழுதாகட்டும். "எனக்கு ஊடு வேணா உம்மா, காக்கா வேணும், அதையும் எழுதவா" என்று உன் தங்கச்சி கேட்கிறாள். எழுதட்டும்.

நாளை திரும்பும் இன்ஷாபிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இனி எனக்கு "ஓம்" வேண்டாம். கிழமைக்கொரு தரம் வெறும் அட்டையைப் படம் பிடித்து அனுப்பு. அல்லாஹ் உன் கைக்கும் காலுக்கும் நாவுக்கும் பலம் தரட்டும்.

இப்படிக்கு,
உன் உம்மா ஜுனைதா

காக்கா, சுகமாக இருக்கிறோம் என்ற வரியை நான் வெட்டவில்லை. நீங்கள் முதல் படத்தை அனுப்பும் நாளில் அது உண்மையாகும். – நிப்லா