கோட்டை கட்டாத சனத்தின் ஏழாம் பாகம்

மண்ணுக்குள் போன பிறகும் என்னை அரித்துக்கொண்டிருக்கிற என் மச்சான் ஹனீபாவுக்கு, ஸலாம்.

நீ மௌத்தாகி இரண்டு நோன்பு மாதங்கள் போய்விட்டன. ஏழாம் பாகம் இன்னும் பாதியில்தான் நிற்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ வேறெதையும் கேட்கப் போவதில்லை.

மன்னார் டவுனில் இருந்த உன் அச்சுக்கூடம் இப்போது கைத்தொலைபேசிக் கடை. உன் மகனைக் குறை சொல்ல மாட்டேன். கல்யாணக் கார்டுகூட இப்போது போனில்தான் வருகிறது, புத்தகம் அச்சடிக்க யார் வருவார்கள்? ஆனால் என் ‘இருகரை ராச்சியம்’ நாவலின் ஆறு பாகங்களும் அங்கேதான் அச்சாகிப் பிறந்தன. கந்தோரில் கோப்புகளுக்கு இலக்கம் போட்டுக்கொண்டிருந்த ஒருவனுக்குள் ராணிகளும் பேசுகிற சுறாக்களும் இருப்பதை உன்னைத் தவிர யார் நம்பியிருப்பார்கள்? நானே முழுதாக நம்பியதில்லை.

இந்தக் கடிதத்தைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு விஷயம். என் ராச்சியத்துச் சனத்துக்கு நிலையான தலைநகர் கிடையாது. வாடைக்காற்று எழும்பினால் வடகடல் கொந்தளிக்கும். ஊரைக் கழற்றி வள்ளங்களில் ஏற்றித் தென்கரைக்குப் போவார்கள். சோளகம் எழும்பித் தென்கடல் கொந்தளித்தால் திரும்பி வருவார்கள். நம் தீவு மீனவர் காற்றுக்கு ஏற்பக் கரை மாறுவதைத்தான் கொஞ்சம் பெரிதாக்கினேன். முதல் பாகத்தைப் புத்தளத்தில், அகதிக் கொட்டிலில் இருந்து எழுதினேன். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் ஊரை விட்டு அனுப்பப்பட்டவனுக்கு, தன் விருப்பத்தில் ஊர் மாறுகிற சனத்தைப் பற்றி எழுதுவது ஆறுதலாக இருந்தது.

நீ போன பிறகு சென்னைப் பதிப்பாளர் ஒருவர் கூப்பிட்டார். ஏழு பாகத்தையும் இரண்டு தடித்த புத்தகமாகப் போடலாமாம். ஆனால் நாற்காலிக்கு நாம் சொல்கிற ‘கதிரை’யில் ராணி இருக்கக் கூடாதாம், சிம்மாசனத்தில்தான் இருக்க வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துக்கொண்டே இருந்தேன். அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்.

பிறகு கொழும்பிலிருந்து ஒரு கதைச் செயலிக் கம்பெனியின் பெண்பிள்ளை கூப்பிட்டது. தினம் ஓர் அத்தியாயம் போனில் போகும், வாசகர் வாசித்துவிட்டுக் கீழே கருத்து எழுதுவார்கள். அந்தப் பிள்ளை மரியாதையாகத்தான் பேசியது.

“சேர், நீங்க ஒண்டுக்கும் கஷ்டப்பட வேண்டாம். கையெழுத்த மட்டும் போடுங்கோ. ஏழாம் பாகத்த எங்கட எழுத்துக் குழு முடிக்கும். உங்கட பேர்தான் போடுவம்.”

“நான் முடிக்காட்டியும் என்ர பேரா?”

“ஓம் சேர். அதுதானே நல்லது?”

மச்சான், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்கு அது நல்லதாகத்தான் பட்டது. கண்ணில் புரை. முந்திய பாகத்தில் யார் யாருக்கு மாமன் என்று பார்க்கவே ஒரு காலை போய்விடுகிறது. எழுதியதை மறுநாள் வாசித்தால், இதற்கா இவ்வளவு பாடு என்று இருக்கிறது. யாராவது முடித்துவிட்டால் நான் படுத்துக்கொள்ளலாம் அல்லவா?

மாதிரிக்கு ஓர் அத்தியாயம் அனுப்பினார்கள். உன் தங்கச்சி சபியா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வாசித்துக் காட்டினேன். நல்ல நடை, என்னுடையதைவிட வேகம். கடைசியில் சனம் அலைந்து களைத்து, தென்கரையிலேயே கல்லால் கோட்டை கட்டி நிரந்தரமாக இருந்துவிடுகிறார்கள்.

சபியா கையை உதறிக்கொண்டு சிரித்தாள். “தெக்குக் கரையிலயோ? சோளகம் அடிக்கேக்க கோட்டைக்குள்ள இருந்து என்னத்தத் திங்கிறதாம், கல்லையோ?”

“வாசகர் அப்பிடித்தான் கேட்டவையாம். ஒரு இடத்தில இருக்கட்டும் எண்டு.”

“நீங்க என்ன கேட்டனீங்க?”

நான் கடதாசிகளை அடுக்கினேன்.

“ஹனீபா நானா உசிரோட இருந்திருந்தா இந்தக் கடதாசியிலதான் மீன் சுத்தியிருப்பார்,” என்றாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள்: “ஏலாட்டி எழுத வேண்டாம். விட்டுடுங்க. ஆனா அந்தச் சனத்த இன்னொருத்தன் கையில பிடிச்சுக் குடுக்காதீங்க.”

அன்று பின்னேரம் முழுக்க அந்தக் கோட்டையை நினைத்துக்கொண்டிருந்தேன். காற்று மாறும்போது போகிற உரிமை ஒன்றைத்தான் நான் அந்தச் சனத்துக்குக் கொடுத்திருந்தேன். அதையும் வாங்கிவிட்டுச் சுவர் எழுப்பி உள்ளே வைப்பதற்கு, என் பெயரில், நான் கையெழுத்துப் போட இருந்தேன்.

அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டேன். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துத்தான் கூப்பிட்டேன், என்னைத் தெரியும்தானே.

“கையெழுத்துப் போடேலாது, மகள். குறை நினைக்காதீங்க.”

“அப்ப யார் சேர் முடிக்கிறது?”

“நான்தான்.”

“உங்களுக்கு ஏலுமா சேர்?”

தாளில் அதற்குப் பதில் எழுதியிருக்கவில்லை. “தெரியாது,” என்றேன். பிள்ளை போனை வைத்தது. கோபமோ என்னமோ.

இப்போது விடியச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு எழுதுகிறேன். சில நாள் ஒரு பந்தி, சில நாள் எழுதியதை வெட்டுவது மட்டும். கேட்கிற அளவுக்கு மட்டும் அச்சடித்துத் தரும் இடங்கள் வந்திருக்கின்றனவாம். முடிந்தால் அங்கே கொடுப்பேன். வாசிக்கப் பத்துப் பேர் இருப்பார்களா, அதுவும் தெரியாது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், மச்சான். என்னால் ஏலும் வரை எழுதுவேன். முடிக்காமல் நானும் உன் பக்கத்தில் வந்து படுத்துவிட்டால், அந்தச் சனம் வள்ளங்களோடு நடுக்கடலிலேயே இருக்கட்டும். காற்று அவர்களுக்குத் தெரியும். யாரும் அவர்களைக் கரை சேர்க்க வேண்டாம்.

உன் தங்கச்சியைக் கட்டியவன்,
சிலாவத்துறையிலிருந்து உன் மச்சான்.