அப்பா கைதட்டுகிறார்

தம்பிக்கு,

அம்மாவை அடக்கம் செய்தபோது அங்கே இருந்தவர்கள் அப்பா, நான், உன் அத்தான், மாடிவீட்டு டீச்சர். அவ்வளவுதான். உனக்கு ஒத்திகை. எண்பது பேர் வயலினும் குழலுமாக உன் கையிலிருக்கும் கோல் அசைவதற்குக் காத்திருந்தார்களாம். அம்மாவுக்குத்தான் காத்திருக்கத் தெரியவில்லை, பெரிய மனதுபண்ணி மன்னித்துவிடு.

நீ அனுப்பிய உன் கச்சேரிப் பதிவைப் பிரார்த்தனை முடிந்ததும் வீட்டில் போட்டோம். நடுவில் இசை நிற்கும்போது யாரும் இருமக்கூடாது என்று வேறு உத்தரவு போட்டிருந்தாய். அழுதுகொண்டிருந்த டீச்சர், "மூக்காவது சிந்தலாமாம்மா?" என்று கேட்டார். "அதைப் பத்தி தொரை ஒண்ணும் சொல்லல, சிந்துங்க" என்றேன். கடவுள் என் வாயை மன்னிக்கட்டும்.

இசை முடிந்ததும் அப்பா மட்டும் கைதட்டினார். விடாமல் தட்டினால், உள்ளே போன இசை நடத்துநர் திரும்பவும் மேடைக்கு வந்து வணங்கியாக வேண்டும் என்று நீதானே அவருக்குச் சொல்லிக்கொடுத்தாய்? என் பெயரே மறந்துபோனவருக்கு அது மட்டும் நினைவிருக்கிறது. தினமும் வாசலைப் பார்த்து உட்கார்ந்து தட்டுகிறார். "நல்லா பலமா தட்டும்மா, அவன் காதுல விழல" என்கிறார். அடுப்பை அணைத்துவிட்டு வந்து நானும் தட்டுகிறேன்.

எப்போது வருகிறாய்? சீக்கிரம் பதில் எழுது.

அக்கா