பின்னால் போகாத வண்டி

ஆடி 9, காலை 7.10. மேல்முகாம், வண்டிக் கொட்டகை

டயர்: சரி. எஞ்சின் ஆயில்: சரி. மருந்துப் பெட்டி: ஐஸ் வைத்துக் கட்டியாயிற்று. பிரேக்: குறை.

முதல் மிதியில் பெடல் தரைவரை போகிறது. உடனே மறுபடி மிதித்தால் மேலேயே நின்று பிடிக்கிறது. பிரேக் ஆயில் குறையவில்லை, சக்கரங்களில் கசிவும் இல்லை. குழாயில் காற்று புகுந்திருந்தால் பெடல் பஞ்சு போல அமுங்கும். அப்படியும் இல்லை. ஆக, பின்சக்கரங்களில் டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்க வேண்டிய பிரேக் ஷூ அதை விட்டு விலகி நிற்கிறது.

இதைக் கண்டெடுத்துப் படிப்பவருக்கு: சூரியப் புயலில் கணினி வைத்த வண்டிகள் எல்லாம் ஒரே பகலில் கருகிப்போயின. இந்தக் கிழட்டு லாரியில் கருகுவதற்கு ஒன்றுமில்லை. அடிவார முகாமில் காய்ச்சல். மருந்து எங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அங்கே ஒயர்லெஸ்ஸில் உட்கார்ந்திருப்பவள் என் தங்கை செவ்வந்தி. நேற்று முதல் அவளுக்கும் காய்ச்சல்.

காலையில் அவள் சொன்னது: "அக்கா, லாரிக்கு அடியில படுத்துக்கிட்டு தத்துவம் யோசிக்காத. சீக்கிரம் வந்து சேரு. என் நெத்தியில தோசையே சுடலாம், அவ்வளவு சூடு."

காலை 9.40

வலது டிரம்மைக் கழற்றினேன். ஷூ கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, மாற்றும் அளவுக்கு இல்லை. இரண்டு ஷூக்களையும் அகட்டும் பல்சக்கரம் புதிதுபோல மின்னுகிறது. ஒருமுறைகூட நகர்ந்ததில்லை.

காரணம் புரிந்தது. இந்த வகைப் பிரேக் தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும். ஆனால் வண்டி பின்னால் போகும்போது மிதித்தால் மட்டுமே பல் நகரும். இந்த லாரி பின்னால் போனதே இல்லை.

அது செங்கோடனின் சட்டம். போன வருடம்வரை எங்கள் ஓட்டுநர். பிறகு டீசலோடு ஓடிப்போய், மலைப்பாதையை மறிக்கும் கும்பலுக்குத் தலைவரானவர். "மலையேறுன வண்டி பின்னால போனா காவு கேக்கும்" என்பார். நாங்கள் சிரித்தோம். சிரித்துக்கொண்டே, லாரி சுற்றித் திரும்ப முற்றத்தில் வட்டப்பாதை வெட்டினோம், கொட்டகைக்கு முன்னும் பின்னும் கதவு வைத்தோம். நம்பாதவர்களும் ஒரு நம்பிக்கைக்குத் தோதாக வீடு கட்டிக்கொள்ளலாம் என்று அப்போது தோன்றவில்லை.

வலது சக்கரத்தில் திருப்புளியால் பல்சக்கரத்தைத் தள்ளி, டிரம் லேசாக உரசும்வரை இறுக்கி, கொஞ்சம் தளர்த்தினேன். இடது டிரம் துருவேறிக் கழற்ற வரவில்லை. திருப்புளி நுழையும் துளையும் அடைத்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் லாரி வலப்பக்கம் இழுக்கும். இறக்கத்தில் வலப்பக்கம் பள்ளத்தாக்கு.

காலை 11.15

அருமைநாயகம் இறந்துவிட்டார். மருந்தைக் காய்ச்சி எடுத்தவர் அவர். செங்கோடனின் கும்பல் முகாமை வளைத்ததும், பேசிப் பார்க்கிறேன் என்று வெறுங்கையோடு வாசலுக்குப் போனார். செங்கோடன் கடப்பாரையால் அடித்தார். கொட்டகை ஜன்னல் வழியே பார்த்தேன். விழுந்த பிறகும் அடித்தார்.

எங்கள் அலைவரிசையில் செங்கோடன்: "அம்மணி, முன்கதவுக்குக் குறுக்க மரத்த வெட்டிப் போட்டாச்சு. பெட்டியக் குடுத்துட்டு நடந்து போயிருங்க. எனக்குத் தெரியாத வண்டியா அது? பிரேக்குமில்ல, ஒரு மண்ணுமில்ல."

பின்கதவுக்கு மரம் போடவில்லை. ஆட்கள்தான் நிற்கிறார்கள். உடைக்கிறார்கள்.

கையில் கிரீஸ். எழுத்து வழுக்குகிறது.

நண்பகல் 12. முதல் வளைவுக்கு மேலே

ரிவர்ஸ் போட்டேன்.

கதவு உடைந்தது. கதவுக்கு அப்பால் நின்றவர்கள் விலகவில்லை. லாரி பின்னால் வரும் என்று அவர்கள் நினைக்கவே இல்லை. ஒருவன் சிரித்தபடி இருந்தான். அவன் மேல் ஏறியபோது வண்டி தூக்கிப்போட்டது. மிதித்தேன், இருமுறை. காலை எடுத்தபோது பின்னால் டக் என்று ஒரு சத்தம். பல் நகர்ந்திருக்கிறது.

முற்றத்தில் வட்டப்பாதையையும் கற்களால் அடைத்திருந்தார்கள். திரும்ப இடமில்லை. முன்னால், பின்னால். மிதி. டக். எவனோ பின்பலகையில் தொற்றி ஏறினான்; சுவரோடு வைத்து நசுக்கினேன். மிதி. டக். அலறல் நிற்கும்வரை காத்திருக்கவில்லை. கண்ணாடித்துண்டு கன்னத்தில் இருக்கிறது. எத்தனை பேர் என்று

பெடல் இப்போது பாதியிலேயே நிற்கிறது. இறக்கத்தில் மிதித்துப் பார்த்தேன். எந்தப் பக்கமும் இழுக்காமல் நேராக நின்றது. அந்தக் கணம் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

செவ்வந்தியைக் கூப்பிட்டேன். பதில் இல்லை.

பிற்பகல் 12.35. ஆறாம் வளைவு

செங்கோடன் ஒற்றையடிப்பாதையில் எனக்கு முன்பே கீழே இறங்கிவிட்டார். ஒயர்லெஸ்ஸில் குரல் உடைகிறது:

"பின்னால எடுத்துட்டீங்களே அம்மணி. காவு வாங்கிருச்சு பாத்தீங்களா? போகட்டும். எஞ்சம்சாரத்துக்கும் காய்ச்சலுங்க. ஒரே ஒரு குப்பி குடுங்க. ஏழாவது வளைவுல தனியா நிக்கறேன். கையில ஒண்ணுமில்ல, கும்புட்டுட்டுத்தான் நிக்கறேன். ரிவர்ஸ்ல மிதிச்சா பல்லு ஏறும்னு எனக்கும் தெரியும். இப்பத்தான் பிரேக் நல்லாப் புடிக்குமே. நிறுத்துங்க."

பெட்டியில் இருப்பது அடிவாரத்து நோயாளிகளுக்கு ஆளுக்கொரு குப்பி. கூடுதலாக ஒன்றும் இல்லை.

இங்கிருந்தே தெரிகிறார். கைகூப்பி, பாதையின் நடுவில்.

மாலை 4.05. அடிவார முகாம்

எல்லோருக்கும் ஊசி போட்டாயிற்று. செவ்வந்திக்குக் காய்ச்சல் இறங்குகிறது. கண் திறந்ததும் என் கன்னத்துத் தையலைப் பார்த்து, "இப்பத்தான் அக்கா மூஞ்சியில ஒரு களை வந்திருக்கு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி: "செங்கோடண்ணன் ரோட்டுல கும்புட்டுக்கிட்டு நிக்கறதா ஒயர்லெஸ்ல சொன்னாராமே. பிரேக் புடிக்கலையாக்கா?"

பிடிக்கவில்லை என்று தலையசைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.

டயர்: கழுவ வேண்டும். எஞ்சின் ஆயில்: சரி. மருந்துப் பெட்டி: நான் வருமுன் இங்கே ஒருவர் இறந்துவிட்டார், ஒரு குப்பி மிச்சம்.

பிரேக்: குறை இல்லை.